நான் கையெழுத்துப் போட்ட தாளில் சிவப்பு மை

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்தைவிட்டு இறங்கியதும் எனக்கு முதலில் கிடைத்தது மழை. இரண்டாவதாகக் கிடைத்தது பழம்பொரி. ஆடி மாதத்தில் எங்கள் தூத்துக்குடியில் மண்ணை வாரி முகத்தில் இறைக்கிற காற்று அடிக்கும். மழையைச் செய்தியில்தான் பார்ப்போம். இங்கே அதே ஆடி மாதம், யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனதைப் போல இருந்தது. குடையை விரித்தேன். இரண்டு கம்பி வளைந்தது. அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையில் போய் ஒதுங்கினேன்.

பழம்பொரி என்பது நேந்திரம்பழத்தை நீளமாகக் கீறி, மாவில் தோய்த்துப் பொரித்தெடுப்பது. எங்கள் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கேட்டபோது கடைக்காரர் சிரித்தார்.

"அக்கா தமிழ்நாடு அல்லே?"

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். அவர் தென்காசிப் பக்கத்துக்காரராம். இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாம். "இங்க உள்ளவங்க மழை பெஞ்சா நடந்து போயிட்டே இருப்பாங்கக்கா. நம்ம ஆளுங்கதான் வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது பழம்பொரிக்காக மறுபடியும் திறந்தேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் வசந்தா, தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். என்னோடு மூன்று வருஷம் வேலை பார்த்த ஸ்டெல்லா, மார்த்தாண்டத்துப் பெண், கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் டீச்சராக இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "எக்கா, ஒரு நாலு நாளு லீவு போட்டுட்டு வருவியளா? எனக்க கூட நிக்கதுக்கு ஆளில்ல."

விஷயம் இதுதான். ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று வகுப்புக்கும் சேர்த்து அவளிடம் இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே அறை. ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் தெற்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். சிலர் தமிழைத் தண்ணீராக வாசிப்பார்கள். சிலர் தெருவில் மலையாளம் பேசியே வளர்ந்து தமிழில் எழுத்துக்கூட்டுவார்கள். ஒரே பாடத்தை மூன்று விதமாக எழுதி எழுதி ஸ்டெல்லாவுக்குக் கைமணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வருஷமாகச் செயற்கை நுண்ணறிவை வைத்து அந்த மூன்று விதத்தையும் தயாரித்து, தானே திருத்தி, அச்செடுத்துக் கொடுக்கிறாள். கை வீக்கம் குறைந்தது. பிள்ளைகளின் வாசிப்பும் ஏறியது.

இப்போது அதற்குத்தான் சோதனை. வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் ஒரு திறந்த வகுப்பு. கல்வி அலுவலர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் தொடரலாம். இல்லையென்றால் அன்றைக்கே மடிக்கணினி பீரோவுக்குள் போய்விடும், ஸ்டெல்லா பழையபடி மூன்று விதமாகக் கையால் எழுத வேண்டும். அந்தத் தாள்களை இரண்டு ஆசிரியர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பது பள்ளியின் விதி. கூட இருந்த டீச்சர் பேறுகால விடுப்பில் போய்விட்டார். ஸ்டெல்லா தலைமை ஆசிரியையிடம் பேசி, இரண்டாவது கையெழுத்துக்கு என்னை வரவழைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் மரியாதை கிடையாது. எங்கள் பள்ளியில் 'என் மாமா' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு ஒரு பயல், 'நான் ஒரு கணினி நிரல் என்பதால் எனக்கு மாமா கிடையாது' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தான். அவனுக்கு நான்கு மாமா. அதில் ஒருவர் எங்கள் பள்ளி வாட்ச்மேன். ஸ்டெல்லா கூப்பிட்டாள் என்பதற்காக வந்தேனே தவிர, இயந்திரத்துக்காக வரவில்லை.

புதன்கிழமை காலையில் விடுதியிலிருந்து பள்ளிக்குப் புறப்பட்டேன். மழை. ஒரு பேருந்து வந்தது. பலகையில் எழுதியிருந்தது எனக்கு ஜிலேபி பிழிந்ததைப் போலத்தான் தெரிந்தது. "கிழக்கேகோட்டை?" என்று நடத்துநர் பெண்ணிடம் கேட்டேன். போகும் என்றார். ஏறினேன். அது நகரத்தைச் சுற்றிவருகிற பேருந்தாம். ஒன்று இந்தப் பக்கமாகச் சுற்றும், இன்னொன்று அந்தப் பக்கமாக. நான் ஏறியது அந்தப் பக்கத்து வண்டி. பாளையம் வந்தது, மியூசியம் வந்தது, பெயர் தெரியாத மேடுகளும் இறக்கங்களும் வந்தன. எங்கள் ஊர் தரையெல்லாம் தோசைக்கல். இங்கே மாடிப்படியில் பேருந்து ஓட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார்கள்.

இறங்கும்போது நடத்துநர் பெண் மலையாளத்தில் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் மாற்றிக் கொடுத்தார்: "நீங்க ஏறின இடத்துலேருந்து இங்க நடந்தா பத்து நிமிஷமாம்." பேருந்தில் இருந்த எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். முன்பைவிட இளைத்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு, "எக்கா, நனைஞ்சு போயிட்டியளே" என்றாள். அடுத்த நிமிடமே டீச்சராக மாறி வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டாள். இருபத்திரண்டோடு முடியும் என்று பார்த்தால், "இருபத்திமூணு!" என்றாள். பிள்ளைகள் ஒரே குரலில், "கரண்டு இருந்தா பிரசென்ட் டீச்சரே!" என்று கத்தினார்கள். நான் திகைத்துப் போனேன். இருபத்து மூன்றாம் நம்பர் என்பது மேசைமேல் இருந்த அந்த மடிக்கணினி.

அதற்குத் தனியாக ஒரு நோட்டு உண்டு. ஸ்டெல்லா கேள்வியைத் தட்டுவாள், சுவரில் புரொஜெக்டர் காட்டும், வந்த பதிலை அச்செடுத்து அந்த நோட்டில் ஒட்டுவார்கள். திருத்துவது பிள்ளைகள். தப்பைக் கண்டுபிடிக்கிறவர் கைக்கு டீச்சரின் சிவப்புப் பேனா வரும். சும்மா கை தூக்கி, தப்பு என்பதற்கு மலையாளத்தில் "தெற்று!" என்று கத்தினால் போதாது. உடனே மொத்த வகுப்பும் திருப்பிக் கேட்கும்: "கண்டதா? அளந்ததா? கேட்டதா?" மூன்றில் ஒன்றைச் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கிலோ அரிசிக்கு இருபது இட்லி என்று வைத்து இயந்திரம் ஒரு கணக்குக் கொடுத்திருந்தது. அஜித் என்கிற ஐந்தாம் வகுப்புப் பையன் துள்ளி எழுந்தான். "தெற்று! எங்க அப்பா இட்லி மாஸ்டராக்கும். ஒரு கிலோவுக்கு அம்பதுக்கு மேல எடுப்பாரு. கேட்டது!" சிவப்புப் பேனா அவன் கைக்குப் போனது. அடுத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வௌவால் பறவைதான், இயந்திரம் பாலூட்டி என்று சொல்வது தப்பு என்றாள். விசாரித்ததில் தப்பு அவள் பக்கம். உடனே அவள் எழுந்துபோய் இயந்திரத்தின் நோட்டில், 'இந்தத் தடவை நீ சொன்னது சரி' என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட வேண்டியிருந்தது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள்.

நியாயம் என்றால் இது நியாயம். என் மனசு அங்கேயே பாதி இளகிவிட்டது. நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியே காலம் தள்ளியவள். பிள்ளைகள் திருத்தி அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளையளு கையில மிஷினக் குடுக்கமாட்டேன், நான்தான் தட்டுவேன்" என்றாள் ஸ்டெல்லா மதியச் சாப்பாட்டில். "பிள்ளையளுக்க பேரு ஒண்ணும் அதுல போடவும் மாட்டேன். அதுக்க வேல எழுதுகது. பிள்ளையளுக்க வேல அதச் சோதிக்கது."

சாப்பாடு பக்கத்து ஓட்டலில். ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் என் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. கூடவே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சிவக்கச் சிவக்க மீன்கறியும். தண்ணீர் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக வந்தது. டம்ளரைக் கழுவவில்லை போல என்று முகம் சுளித்தேன். மூலிகை போட்டுக் காய்ச்சியதாம். எங்கள் ஊர்க் குழாயில் வருகிற உப்புத் தண்ணீரை நினைத்துக்கொண்டு நான்கு டம்ளர் குடித்தேன்.

"அந்த ஆபீசர் எப்படி?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லா கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நல்ல மனுஷன்தான். ஆனா பயப்படுகாரு. வேற ஒரு ஸ்கூல்ல மிஷின் தந்த நோட்ச அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்காவ. அதுல பெரிய தப்பு. ஒரு பிள்ள கூட வாயத் தொறக்கல்ல. எல்லாரும் பரீட்சையில அதையே எழுதி வச்சிருக்கு. அதுலேருந்து அவரு சொல்லுகது ஒண்ணுதான். மிஷின் தப்புப் பண்ணும், அது பிரச்சன இல்ல. பிள்ளையளு அத அப்படியே முழுங்கினா, அதுதான் பிரச்சன."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் போகும்போது ஒரு சின்னப் பெண் மட்டும் கடைசியாக நின்று பையை மாட்டிக்கொண்டாள். ஆறாம் வகுப்பு, பெயர் ஜெபா. எங்கள் கரையிலேயே தெற்கே இருக்கிற உவரிப் பக்கத்துப் பிள்ளை, பள்ளி திறந்த ஜூனில்தான் வந்து சேர்ந்தவள். அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டட வேலை. அம்மா அங்கேயே மீன் இறங்குகிற கரையில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். "நல்லா எழுதுவா. ஆனா இதுவரைக்கும் ஒரு தடவகூடச் செவப்புப் பேனா வாங்கல்ல, வாயே தொறக்கமாட்டா" என்றாள் ஸ்டெல்லா. நம்ம ஊர்ப் பிள்ளை என்ற உரிமையில், "எப்படிட்டி இருக்க?" என்று கேட்டேன். ஜெபா தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போனாள்.

வியாழக்கிழமை முழுக்க வேலை. மறுநாள் வகுப்புக்கு 'நிழலும் திசையும்' என்று பாடம். ஸ்டெல்லா கேட்டுக்கொண்டபடி இயந்திரம் மூன்று விதமான தாள்களைத் துப்பியது. எழுத்துக்கூட்டுகிறவர்களுக்குக் குட்டிக் குட்டி வாக்கியம்; நடுத்தரத்துக்கு ஒரு பக்கம்; நன்றாக வாசிப்பவர்களுக்குக் கேள்விகளோடு இரண்டு பக்கம். மூன்றிலும் ஒரே கதை. முத்து என்ற பையன் காலையில் விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போகிறான். கடலைப் பார்த்து நிற்கிறான். சூரியன் அலைகளுக்கு மேலே எழுகிறது. அவன் நிழல் அவனுக்குப் பின்னால் மணலில் நீளமாக விழுகிறது.

படித்ததும் எங்கள் ஊர்க் கடற்கரை கண்முன் வந்து நின்றது. பரவாயில்லையே, இயந்திரத்துக்கும் மனசு இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு அளவு தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துப் பெருமையாகத் திருத்தினேன். ஸ்டெல்லா பெற்றோருக்கு நாற்காலி கடன் வாங்க அலைந்துகொண்டிருந்தாள். தாளை நீட்டியதும், "நீங்க பாத்தாச்சுல்லா அக்கா?" என்று கேட்டு மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் ஒப்புப் போட்டோம். இங்கே கையெழுத்துக்கு ஒப்பு என்றுதான் பெயர். என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் பெரியது.

வேலை முடிந்த சந்தோஷத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போளியும் பால்பாயசமும் வாங்கிக் கொடுத்தேன். இந்த ஊரில் மஞ்சள் போளியைப் பிய்த்துப் பாயசத்தில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். இனிப்புக்கு இனிப்பைத் தொட்டுக்கொள்வதா என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது தட்டு வாங்கினேன். வந்த மூன்று நாளும் மழை. சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி. மழை நின்று வானம் மூடிக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பெற்றோர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பலர் வேலைச் சட்டையோடு வந்திருந்தார்கள். ஜெபாவின் அம்மா கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. மலையாளத்தில்தான் பேசினார், ஆனால் நிதானமாகப் பேசியதால் எனக்கும் புரிந்தது. ஒரு தாளை வாங்கிப் படித்தார். தலையாட்டினார். "நல்ல கதை" என்றார்.

ஸ்டெல்லா பாடத்தைத் தொடங்கினாள். பிள்ளைகள் வாசித்தார்கள். எழுத்துக்கூட்டுகிற பையன்கூட ஐந்து வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்து முடித்தபோது அவன் அப்பா கையில் இருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டே சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அலுவலர் எழுந்தார். "இந்தத் தாளில் இருப்பதெல்லாம் சரிதானா, பிள்ளைகளே?"

வகுப்பு அமைதியானது. முந்தாநாள் கத்திக் குதித்த கூட்டமா இது என்று இருந்தது. சிலர் தாளைப் பார்த்தார்கள், சிலர் தாளின் அடியில் இருந்த இரண்டு கையெழுத்துகளைப் பார்த்தார்கள். அஜித் வாயைத் திறந்து மூடினான். அலுவலர் காத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசைமேல் இருந்த தன் கோப்பை எடுத்துத் திறந்தார். ஸ்டெல்லாவின் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு ஏன் என்று புரியவில்லை. தாளில் தப்பே இல்லையே, பிள்ளைகள் எதைச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலே வந்தது. ஜெபா.

"தெற்று" என்றாள். அலுவலர் கோப்பை மூடினார்.

"எது?"

"நிழல் பின்னால விழாது. முன்னால விழும். கடலப் பாத்து."

நான் இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காதே. "ஏட்டி, காலைல சூரியன் கடலுக்குள்ளேருந்துதான வரும்? அப்ப நிழல் பின்னால போய்த்தான விழும்? நான் தூத்துக்குடிக்காரி. பொறந்ததுலேருந்து பாக்கேன்!" என்றேன்.

சுவரோரம் யாரோ மெல்லச் சிரித்தார்கள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் விரல் தாளில் அந்த நிழல் வரிக்குப் போய் நின்றது. மேற்குக் கரைப் பக்கம் பிறந்தவள். தப்பு எங்கே என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் சமாளிக்கவில்லை. பிள்ளை நிரூபிக்கும்வரை டீச்சர் பேசக்கூடாது என்பதும் அவள் வகுப்பு விதிதான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரு வருஷ உழைப்பு அந்தச் சின்னப் பெண்ணின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பு விழித்துக்கொண்டது. "கண்டதா? அளந்ததா? கேட்டதா?"

"கண்டது" என்றாள் ஜெபா. "மிஸ் சொல்லுதது எங்க ஊருக்குச் சரி. உவரியில சூரியன் கடல்லேருந்துதான் வரும். இங்க அப்படி இல்ல மிஸ். இங்க மேட்டுப் பக்கத்துலேருந்து வந்து, சாயங்காலம் கடலுக்குள்ள போவும். நான் டெய்லி காலைல அம்மா கூட நிக்கேன். என் நிழல் அலையத் தொடும்."

அலுவலர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு ஊர் பாலக்காடு. அங்கே கடலே கிடையாது" என்றார். "இந்த டீச்சரும் கண்டது என்கிறார், நீயும் கண்டது என்கிறாய். நான் யாரை நம்புவது?"

"ரெண்டு கண்டது வந்தா, இப்ப காணணும்!" என்று அஜித் கத்தினான். அதுவும் விதியாம்.

ஜெபா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். "டீச்சரே, அம்மா இப்ப கரையிலதான் நிப்பா."

ஸ்டெல்லா தன் போனில் வீடியோ அழைப்புப் போட்டு, அதைப் புரொஜெக்டரோடு இணைத்தாள். சுவர் முழுக்க ஒரு முகம் வந்தது. தலையில் துண்டு, பின்னால் நீலமும் மஞ்சளுமாகப் படகுகள். ஜெபாவின் அம்மா பாக்கியம். ஜெபா போனுக்கு அருகில் போய், "எம்மா, கடலப் பாத்து நில்லு. போனக் கீழ பிடி, நிழலக் காட்டு" என்றாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த அம்மா செய்தார். சுவரில் ஈர மணல் தெரிந்தது. நிழல் இல்லை. அங்கேயும் மேகம்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: முதல் நிமிடம் வெயில் வந்து நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் மறுபடியும் கணக்குப் போட்டேன். தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே. இந்த ஊருக்குக் கடல் மேற்கே. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கணக்கு டீச்சரான நான் இந்த ஊருக்கு வந்து மூன்று தாளில் பெரிய பெரிய கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன்! காது வரைக்கும் சூடேறியது. மூன்றாவது நிமிடத்தில், ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்காக ஒரு பொட்டு வெயில் கொடும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் அல்ல.

மணல் முதலில் வெளுத்தது. பிறகு பளீரென்று மின்னியது. இரண்டு பாதங்களிலிருந்து ஒரு நிழல் புறப்பட்டு முன்பக்கம் நீண்டது. நேரே கடலைப் பார்த்து. அலை ஒன்று ஏறிவந்து அந்த நிழலின் தலையில் நுரையைத் தள்ளிவிட்டுத் திரும்பியது.

"அல தொட்டாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நொடி இருபத்திரண்டு பேரும் கத்தினார்கள். பெற்றோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அலுவலர் முதன்முறையாகச் சிரித்தார். "நான் முதலில் படித்தபோதே கண்டேன்" என்றார். "இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். சங்குமுகம் கடற்கரையில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பேன்! யாராவது சொல்கிறார்களா என்றுதான் காத்திருந்தேன். அந்தப் பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. இங்கே இரண்டு டீச்சர்களின் கையெழுத்து இருந்தும் ஒரு பிள்ளை சொல்லிவிட்டது." பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "டீச்சர், வகுப்பு தொடரட்டும். இந்த வருஷம் மட்டுமல்ல. மற்ற பள்ளி டீச்சர்களை இங்கே அனுப்பி வைக்கிறேன், உட்கார்ந்து பார்க்கட்டும்."

ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். எனக்குத் தெரியும்.

சிவப்புப் பேனா ஜெபா கைக்கு வந்தது. அவள் இயந்திரத்தின் நோட்டில் ஒட்டியிருந்த தாளில் அந்த வாக்கியத்தை அடித்து, மேலே சரியாக எழுதினாள். மார்க்காகச் சைபர் போட்டு வட்டமிட்டாள். பிறகு தாளின் அடியில் பேனாவை வைத்தபடி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"போடுட்டி" என்றேன். "ஒப்புப் போட்டது நான்தான."

என் பெரிய கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சைபர் விழுந்தது. வகுப்பே கை தட்டியது, அலுவலர் தட்டினார், தொப்பிக்கார அப்பா தொப்பியை மடியில் போட்டுவிட்டுத் தட்டினார். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான்.

சுவரில் பாக்கியத்தின் முகம் பதறிப்போய் மறுபடியும் வந்தது. அழைப்பை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கடல் இரைச்சலில் எங்கள் சத்தம் அவருக்கு என்னவாகக் கேட்டதோ! "எம்மா, அங்க என்ன சத்தம்? டீச்சர், பிள்ளைய ஏசுதியளா? அது வாயில்லாப் பிள்ளம்மா. தெரியாம ஏதும் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கிடுங்க..."

நான் எழுந்து போய்ப் போனைக் கையில் எடுத்தேன். "நான் தூத்துக்குடி டீச்சர் பேசுதேம்மா. யாரும் ஏசல. எழுதினது தப்புன்னு ஒங்க மக எனக்கு முட்ட மார்க்கு போட்டுட்டா. அதுக்குத்தான் ஆபீசர்லேருந்து எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுதோம்."

அவர் போனை முகத்தோடு நெருக்கிப் பிடித்தார்.

"டீச்சருக்கா?"

"ஆமா தாயி. டீச்சருக்குத்தான்."

பாக்கியம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். சுவரில் படகுகளும் கூடைகளும் ஆட்களும் தலைகீழாகச் சுழன்றன. அந்தக் கரை முழுக்கக் கேட்கும்படி அவர் கூவியது எங்கள் வகுப்பறைக்கும் கேட்டது.

"ஏய், இங்க கேளுங்க! எம் மவ பேசிட்டா! எம் மவ பேசி, டீச்சருக்கே மார்க்கு போட்டுட்டாளாம்!"